எல்லோரும் மதராசி, எல்லோரும் வடக்கன்

1980களில் பம்பாய்க்குப் பிழைக்கப் போன எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: மதராசி. நாகர்கோவில்காரரும் மதராசி, பாலக்காட்டுக்காரரும் மதராசி, நெல்லூர்க்காரரும் மதராசி. உடுப்பி ஓட்டல் நடத்திய, வீட்டில் துளு பேசிய ஷெட்டியும் மதராசிதான். ஆந்திரம் 1953லேயே தனி மாநிலமாகிவிட்டது. மெட்ராஸ் ஸ்டேட் என்ற பெயரும் 1969 ஜனவரி 14ஆம் தேதி தமிழ்நாடு என்று மாறிவிட்டது. ஆனாலும் தாதரில் வந்து இறங்கியவனிடம் "உனக்கு எந்த ஊர்?" என்று யாரும் கேட்டதில்லை.

நல்ல மனதோடு கூப்பிட்டவர்களும் உண்டு. தாராவியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு இட்லி விற்கப் போனவரை அந்த ஊரே 'அண்ணா' என்றது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்கப் போனால் அந்த அண்ணா மறைந்து மதராசி வந்துவிடுவான். "மதராசிக்கு வீடு கிடையாது" என்று ஒரு கட்டடத்தில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்கு முன்னால் போனவர்கள் இதைவிட அதிகம் பட்டிருக்கிறார்கள். 1966இல் தொடங்கிய சிவசேனையின் முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல்தான். வேட்டி லுங்கியை வைத்தே கோஷம் கட்டினார்கள்; ஓட்டல்களை அடித்து நொறுக்கினார்கள். 1968இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக நடித்து, இந்தியை இழுத்து இழுத்துப் பேசுவார். அந்த இழுவையை எங்கள் ஆபீசில் வருஷக்கணக்காக எங்களிடமே பேசிக் காட்டினார்கள். பிறகு அந்த ஊரின் கோபம் உத்தரப் பிரதேசத்துக்காரர், பீகார்க்காரர் பக்கம் திரும்பியது. 2008இல் ரயில்வே தேர்வு எழுத வந்த பையன்களைக்கூட அடித்தார்கள். அவர்களுக்கு அங்கே 'பையா' என்று பெயர்.

இப்போது திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது தொழில். பவர்டேபிளில், செக்கிங்கில், அயர்னிங்கில், எங்கே பார்த்தாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், வங்காளப் பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரே பெயர்: வடக்கன். மேடையில் பேசுகிறவர்கள் பானிபூரி விற்கிறவன் என்கிறார்கள். சினிமாவில் பான்பராக் துப்புகிறவனாகக் காட்டுகிறார்கள். பம்பாயில் நம்மை எதற்கெல்லாம் பழித்தார்களோ, அதற்கே இவர்களை நாம் பழிக்கிறோம்: உடுப்பு, சாப்பாடு, பேச்சு.

சென்ற மாதம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டர் கொண்டுவந்த சம்பள நோட்டைப் பார்த்தேன். நீலக் கோடு போட்ட சாதாரண நோட்டு. ஒரு பக்கத்தில் செல்வி, முருகன், ஈஸ்வரி என்று வரிசையாகப் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஷிப்ட், எவ்வளவு அட்வான்ஸ். அடுத்த பக்கத்தில் 'வடக்கன் – 7' என்று ஒரே வரி, அதற்கு ஒரே தொகை. அந்த ஏழு பேரில் யார் ஒன்றரை ஷிப்ட் பார்த்தான், யார் காய்ச்சலில் படுத்தான் என்று அந்த நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சனிக்கிழமை காசு குறைந்தால் அந்தப் பையன் எதைக் காட்டிக் கேட்பான்? அவர்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தி இல்லண்ணா, ஒடியா" என்றான். ஊர் காலாஹாண்டிப் பக்கம். இங்கே வந்துதான் இந்தி கற்றுக்கொண்டானாம், சூப்பர்வைசர் அதில்தான் திட்டுகிறார் என்பதால்.

வேலை போய்விடும் என்ற பயம் உள்ளூர்க்காரர்களுக்கு இருக்கிறது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. கூலியைக் குறைக்க இவர்களைக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கோபப்பட வேண்டியது அவர்கள் மேல். அதை விட்டுவிட்டு, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கிறவன் மேல் பட்டப்பெயரை எறிவது கோழைத்தனம். பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு 'வடக்கன்' என்ற தலைப்பைத் தணிக்கைக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. 2024இல் அது 'ரயில்' என்று வெளிவந்தது. திரையில் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் தெருவில் அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது. 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் அதை உடனே நம்பினார்கள். நாம் அவர்களைக் கூப்பிடும் விதத்தில் வளர்ந்த பயம்தான் அவர்களை அப்படி நம்பவைத்தது என்று நினைக்கிறேன்.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டி, பெயரும் கூலி விகிதமும் எழுதிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. கம்பெனி வைத்திருக்கிறவர்களையும் காண்ட்ராக்டர்களையும் நான் கேட்டுக்கொள்வது அதைவிடச் சின்ன விஷயம்தான். வரும் சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன், அந்த ஏழு பேரையும் கூப்பிட்டுப் பெயர் கேளுங்கள். ஆளுக்கு ஒரு வரியில் எழுதுங்கள்.