இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்து

1990களின் தொடக்கத்தில் அரசு அலுவலகக் கம்ப்யூட்டரைப் பராமரிப்பதில் முதல் படி, செருப்பைக் கழற்றுவது. எங்கள் அலுவலகத்தில் ஏ.சி. வைத்த அறைகள் இரண்டுதான். ஒன்று பெரிய ஆபீசருடையது, மற்றது கம்ப்யூட்டருடையது. ஆபீசர் அறைக்குள் செருப்போடு போகலாம். சித்திரை பிறந்துவிட்டால் கம்ப்யூட்டர் அறையை ‘ஆய்வு’ செய்ய எல்லா செக்‌ஷனிலிருந்தும் ஆள் வருவார்கள். ஹெட் கிளார்க் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண்ணை மூடியபடி ஆய்வைத் தொடர்வார்.

தட்டச்சரான என்னிடம் அந்தப் பெட்டியை ஒப்படைத்ததற்கு ஒரே காரணம், நான் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன் என்பது. இருப்புப் பதிவேட்டில் கணினி, விசைப்பலகை, பிரிண்டர், தூசி உறை என்று வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். உறை தைக்கவே மூன்று விலைப்புள்ளி கேட்டோம். குறைந்த விலை சொன்ன தையல்காரர் அளவெடுக்க வந்தபோது அவரும் வாசலிலேயே செருப்பை விட்டார்.

1992இல் மைக்கேலாஞ்சலோ என்றொரு வைரஸ் பற்றிப் பத்திரிகைகளில் பரபரப்பு. மார்ச் 6ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அழித்துவிடும் என்றார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம், அது கழிந்து போட்டால் ஒன்றும் செய்யாதல்லவா என்று கண்காணிப்பாளர் உண்மையான கவலையோடு கேட்டார். இந்த வைரஸ் தேதி மட்டும்தான் பார்க்கும், நேரம் பார்க்காது சார் என்றேன். முந்தின நாளே கம்ப்யூட்டரின் தேதியை 7 ஆக மாற்றிவைத்தோம். இப்படி ஒரு வெள்ளிக்கிழமையைக் காலண்டரிலிருந்தே தூக்கிவிடும் அதிகாரம் அன்று ஒரு தட்டச்சரின் கையில் இருந்தது.

இன்று எனக்கு அந்தத் தேதியை மாற்ற அனுமதி இல்லை.

மிகைப்படுத்தவில்லை. மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஏ.சி. போய்விட்டது, செருப்பு உள்ளே வந்துவிட்டது, மானிட்டர் பக்கத்திலேயே டீ டம்ளர். ஆனால் அட்மின் பாஸ்வேர்டு எங்கோ தலைமையிடத்தில் இருக்கிறது. புது பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கலாம், வயரைச் சொருகலாம், அதற்குமேல் கை வைக்க முடியாது. டிக்கெட் போட வேண்டும். டிக்கெட்டுக்கு எண் வரும், எண்ணுக்கு நினைவூட்டு அனுப்ப வேண்டும், பிறகு ஒருநாள் போனில் ஒரு தம்பி, “சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்பார். பார்த்தாயிற்று என்றால், மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொல்வார். திரையில் அம்புக்குறி தானே நகரும். என் மேசையில், என் நாற்காலியில், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேன்.

முன்பெல்லாம் பெட்டி பீப் பீப் என்று கத்தினால் மூடியைக் கழற்றி, ரேமை உருவி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவோம். பத்தில் எட்டு வியாதிக்கு அதுவே மருந்து. காய்ந்த பிரிண்டர் ரிப்பனுக்கு மை ஊற்றி உயிர் கொடுத்தவர்கள் நாங்கள். இன்று மூடியின் மேல் ஸ்டிக்கர். கிழித்தால் உத்தரவாதம் போச்சு, கூடவே விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் வரும்.

தமிழ் எழுத்து இன்னொரு கதை. ஆளுக்கொரு எழுத்துரு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் அரசு தரமாக அறிவித்தது. ஆனாலும் பல மேசைகளில் வானவில்தான் ஆட்சி செய்தது. அடுத்த அலுவலகத்துக் கடிதம் திறந்ததும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தால், ஃப்ளாப்பியில் எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டு அஞ்சு நிமிஷத்தில் படித்துவிடுவோம். இப்போது எழுத்துரு சேர்க்கவும் அனுமதி தேவைப்படுகிறது. அதனால் கடிதத்தைத் தாளில் அச்சிட்டு, ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குக் காகிதமில்லா அலுவலகம் என்று பெயர்.

பூட்டியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்துவிட்டிருந்தது. அடைக்காமல் விட்டவர்கள் மாட்டினார்கள். அவரவர் இஷ்டம் என்று விட்டால் அப்டேட்டைப் ‘பிறகு’ ‘பிறகு’ என்று தள்ளுகிறவர்கள் நாம். தலைமையிடம் பொத்தானைத் தன் கையில் வைத்துக்கொண்டதில் நியாயம் உண்டு.

என் குறை வேறு. அத்தனை பூட்டும் போட்ட பிறகு, மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றச் சொல்லும் பாஸ்வேர்டு கீபோர்டின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் உதவியாளரின் மேசை டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவோடு கிடக்கிறது. இதற்கெல்லாம் டிக்கெட் எண் கிடையாது. பதிவேட்டில் மட்டும் பொறுப்பாளர் என்ற இடத்தில் இன்னும் என் கையெழுத்து. கண்காணிப்பாளர் ஆன பிறகும் அதை இறக்கிவைக்க ஆள் கிடைக்கவில்லை. தணிக்கை வந்தால் தொலைந்த மவுஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க முடியாதவனும் நான்.

எங்களுக்கு ஓய்வு வயது 58ஆக இருந்ததை 2020இல் 59 ஆக்கினார்கள், மறு வருஷம் 60. பணி நீட்டிப்பில் கம்ப்யூட்டரும் எங்கள் இனம்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு நின்றது, எங்கள் தபால் பிரிவில் அதற்குப் பிறகும் பல வருஷம் பணியில் இருந்தது. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதினொன்றுக்கு மாறலாம் என்றால் எங்கள் பெட்டிகளில் பலவற்றில் அது கேட்கும் டி.பி.எம். 2.0 இல்லை. புதிது கேட்டால் பழையதைக் கழித்ததற்கு ஆணை எங்கே என்கிறார்கள். கழிக்கச் சொன்னால், ஓடுகிறதே, ஏன் கழிக்க வேண்டும் என்கிறார்கள்.

புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுப்பு ஏற்கும்போது மானிட்டர், மவுஸ் என்று எண்ணிக் கையெழுத்துப் போடுவதோடு நிற்காதீர்கள். அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, பேக்கப் எங்கே இருக்கிறது, கடைசியாக அதைத் திறந்து பார்த்தது யார் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.