'பின்' எங்கிருந்து வருகிறது?

நாலு வயது மகள் ஏ முதல் இஸட் வரை கடகடவென ஒப்பிக்கிறாள். ஆங்கிலத்தில் 'பின்' என்று எழுதிக் காட்டினால் மட்டும் திருதிருவென முழிக்கிறாளே?
— ஓர் அம்மா, விழுப்புரம்

பி, ஐ, என்... வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'பின்' வருகிறதா? 'பியையென்'தான் வருகிறது! குழந்தை மேல் தப்பே இல்லை. அவளுக்குத் தெரிந்தது எழுத்துகளின் பெயர்; படிக்கத் தேவை அவற்றின் ஒலி. ப்–இ–ன் என்று சேர்த்துச் சொல்லட்டும், வந்துவிடும். இப்படி ஒலியைக் கூட்டிப் படிப்பதுதான் ஃபோனிக்ஸ். 'ப' என்று இழுக்காமல் புள்ளி வைத்த 'ப்' ஆகவே சொல்லிக்கொடுங்கள். மெய்யெழுத்து தெரிந்த நமக்கு இது சுலபம். எஸ், ஏ, டி, பி, ஐ, என்: இங்கிலாந்தில் பல பள்ளிகள் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன. ஸிட், டிப், டின், பிட் என்று இதிலேயே சின்னச் சின்னச் சொற்கள் கொட்டும்.

பேத்தியை அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்கிறார்களே, விளையாட்டா?
— ஒரு தாத்தா, திருச்சி

தேர்வே அப்படித்தான் ஐயா! இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒலிப்புத் தேர்வில் 40 சொற்கள், 20 அர்த்தமில்லாதவை. மனப்பாடம் அங்கே செல்லாது, ஒலியைக் கூட்டத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும்.

ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிட்டால் போதும்தானே?
— ஓர் அப்பா, கோவை

ராத்திரிக் கதையை யார் சொல்வது? எழுத்துக் கூட்ட வகுப்பு கற்றுத்தரும். கூட்டிய சொல் புரிய, அதை முன்பே காதால் கேட்டிருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் மடியில் உட்காரவைத்து, விரலால் வரியைத் தொட்டபடி நீங்களே வாசியுங்கள். 'ஒன்', 'டூ' மாதிரி ஒலிக்கணக்குக்கு அடங்காத சொற்களை அப்படியே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அவற்றில் தடுமாறினால் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.