கேட்கத் தெரிந்த திண்ணை

வேர்க்கடலைச் செடி பிடுங்கிய கையோடு திண்ணையில் சாய்ந்து, மண் வாசனை போகாத பச்சைக் கடலையை உரித்துத் தின்றபடி ஊர்க்கதை பேசிய மாலைகள் உங்களுக்கும் இருந்திருக்கும். ஒரகடத்தையொட்டிய எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசுவார்கள், இளவட்டங்கள் நாங்கள் தூணோரம் நின்று கேட்போம். பெண்களோ வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார்கள். நேரம் கொட்டிக் கிடந்தது. புதிதாக ஒன்றைச் சொல்லத்தான் எல்லோருக்கும் இடமில்லை.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தபோதுகூட அது ஆண்கள் பேசும் சங்கதியாகத்தான் இருந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுத்தபோதுதான் பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது. பெண்கள் இரவு 7 மணி முதல் காலை 6 மணிவரை ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே ரத்து செய்திருந்தது. சட்டம் மாறினால் போதுமா, திண்ணை மாற வேண்டாமா?

பன்னிரண்டாவது முடித்த பெரியப்பா மகள் அன்று வாசற்படி தாண்டி வந்து, "கம்பெனியில ஆள் எடுக்கறாங்கப்பா, நைட் ஷிஃப்ட்டும் வரும்" என்றாள். திண்ணை முழுக்க முணுமுணுப்பு. பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சொல்லும்மா, கேட்போம்" என்றார். பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும், கூட யார் யார் வருகிறார்கள், ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். கேள்வி தீர்ந்தபோது முணுமுணுப்பும் தீர்ந்திருந்தது.

இளையவர் சொல்வதைப் பெரியவர் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், காஞ்சியில் தன் ஆசிரியர் யாதவப்பிரகாசர் சொன்ன பொருளை மறுத்துப் பேசியதும், பகைத்து விரட்டிய அந்த ஆசிரியரே பிற்காலத்தில் தாய் சொல் கேட்டு, பழைய மாணவனுக்கே சீடரானதும் குருபரம்பரைக் கதை. வயதும் புலமையும் நிறைந்த ஒருவர் அப்படி இறங்கி வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆனாலும் பெண்கள் ஆலைக்குப் போவது நிற்கவில்லை; அருகிலுள்ள வல்லம் வடகாலில் 2024இல் ஏறக்குறைய 18,700 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியே எழுந்துவிட்டது. இரவு வேலை இன்று யாருக்கும் செய்தியில்லை. ஜப்பானில் டொயோட்டா 1951இல் தொடங்கியதுபோல, லைனில் நிற்கும் ஆபரேட்டரிடம் யோசனை எழுதி வாங்கிப் பரிசு கொடுக்கும் வழக்கமும் இங்கே வந்துவிட்டது. வாசற்படியில் நின்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதில் எனக்குள்ள சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் திண்ணைகளை இடித்துக் காம்பவுண்டு எழுப்பிவிட்டோம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் உட்கார்ந்து கேட்கும் மாலையை ஷிஃப்ட் நேரம் துண்டுதுண்டாக்கிவிட்டது.

திறந்த மனசு என்பது உடனே தலையாட்டுவதில்லை. சொன்னவரின் யோசனை நடக்குமா என்று அவரோடு சேர்ந்து நடந்து பார்ப்பது. உங்கள் பிள்ளை நாளை புதிதாக ஒன்றைச் சொன்னால், சரி, தப்பு என்பதற்கு முன்னால், பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.