சும்மா ஓடாத எஞ்சின்: ஒரு திணைமயக்க ஆய்வு

நெய்தலுக்கு உரிய பொருள் கரிசலில் வந்து கிடந்தால் அதை எந்தத் திணையில் சேர்ப்பது? திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்பது தொல்காப்பியர் கட்சி. அவர் காலத்தில் குட்டியானை வண்டி கிடையாது. போன மாசி மாதம் வேம்பாரில் ஏற்றிய ஒரு படகு எஞ்சின், விளாத்திகுளம் தாண்டி வந்து, புதூரில் எங்கள் தெரு டூவீலர் மெக்கானிக் கடை வாசலில் இறங்கியது. அன்றைக்கு நிலமும் மயங்கிவிட்டது. கண்மாயில் ஆடு மேய்கிற ஊரில், விசிறியும் வாலுமாக அது மர ஸ்டாண்டில் தொங்கியதைப் பார்க்கப் பள்ளிக்கூடமே வந்தது.

கடல் எஞ்சின் டூவீலர் கடைக்கு ஏன் வர வேண்டும்? 2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டி எல்லாம் பி.எஸ். 6 புகை விதிப்படி என்றானதில் பைக்குகளுக்குக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. வந்த எஞ்சினும் இன்ஜெக்ஷன் வைத்த நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்தான். பைக்கில் இருப்பதற்கு அண்ணன் முறை. கொண்டுவந்தவர் நோயை மூன்றே சொல்லில் சொன்னார்: "ஸ்லோ நிக்கல, அண்ணாச்சி."

இலக்கண மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ரேஸ் கொடுத்தால் எஞ்சின் கத்துகிறது. கையை எடுத்தால் இரண்டு இருமல் இருமி நின்றுவிடுகிறது. அதாவது ஸ்லோ நிற்காததால் எஞ்சின் நிற்கிறது. ஒரே வினைச்சொல் உயிருக்கும் சாவுக்கும் பொதுவாக இருப்பது தமிழில் வேறெங்கும் உண்டா என்பதைத் தனியே ஆராயலாம்.

ஸ்லோ என்றால் சும்மா ஓடுவதுதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்கக் கூடாது. சும்மா இருக்கும்படி அருணகிரிநாதருக்கே முருகன் நேரில் வந்து உபதேசிக்க வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு அந்த உபதேசத்தைச் செய்வது கைக்குள் அடங்கும் ஒரு மோட்டார். ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று நுழையும் தலைவாசல் சாத்திக்கொள்ளும். பக்கத்தில் புழக்கடை வாசல் மாதிரி ஒரு சிறு துளை. அதற்குள் ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து, நிமிடத்துக்கு 900 சுற்று வாக்கில் எஞ்சின் உயிர் தரிக்கிற அளவுக்கு மட்டும் காற்றை விடும். முனையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு உள்ளே இரண்டு காயில், வெளியே நாலு வயர். எத்தனை படி நகர வேண்டும் என்று எண்ணிச் சொல்வது எஞ்சினின் மூளையான ஈ.சி.யூ. வயரில் ஒன்று விட்டுப்போனாலும் முனை நின்ற இடத்தில் நடுங்குமே தவிர நகராது.

கருதுகோள்களுக்குப் பஞ்சமில்லை. களத்தில் காயும் மிளகாய்ப் பழத்தின் நெடி ஏறித்தான் எஞ்சின் இருமுகிறது என்றான் ஒரு பையன். கிணற்று ஆயில் எஞ்சினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய மாமா, "கவர்னர் ஸ்பிரிங்க ஒரு திருகு திருகு, சரியாப் போகும்" என்றார். இதில் கவர்னரே கிடையாது என்று சொன்னதும், அப்புறம் என்ன எஞ்சின் அது என்று எழுந்து போய்விட்டார். இரண்டையும் விலக்கிவிட்டுச் சோதனைக்கு இறங்கினோம்.

சோதனையில்தான் சிக்கலே. படகு எஞ்சினைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்க முடியாது. அதன் காலுக்குள் இருக்கிற ஒரு ரப்பர் சக்கரம் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பித்தான் எஞ்சின் குளிர்கிறது. காயவிட்டுச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகிவிடும். ஆக, அது சும்மா ஓடுகிறதா என்று பார்ப்பதற்கே 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் காலை இறக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பெய்ததை வைத்து வருஷத்தைத் தள்ளுகிற புதூரில், மாசி மாதத்தில்!

டிரம் என் அத்தையுடையது. தண்ணீரும் அவளுடையது. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் பதின்மூன்று குடமும் சொச்சமும்தான் வரும். அத்தை கணக்கில் இருபது. "மனுசன் குளிக்கத் தண்ணியில்ல. மிசினுக்குக் கால் கழுவணுமாக்கும்" என்றாள். வேம்பார்க் கருப்பட்டி நாலு கிலோ என்று பேசி முடித்த பிறகே வாளி இறங்கியது.

மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. மோட்டாரின் இரண்டு காயிலும் ஒரே ஓம் காட்டின. மோட்டாரும் குற்றவாளி இல்லை. பிறகு ஒரு முனையை எஞ்சின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல இணைப்பு என்றால் 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டியது 1.8 காட்டியது. போன கரண்டுக்குத் திரும்பி வரப் பாதை சரியில்லை. ஈ.சி.யூ. அரைப்பட்டினியில் கிடந்து படிக்கணக்கைத் தப்பவிடுகிறது. தீர்ப்பு: "எர்த்து இல்ல."

கூட்டத்தில் ஒரு தாத்தா கேட்டார்: "நடுக்கடல்ல ஏதுப்பா மண்ணு, எர்த்து குடுக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஆய்வாளர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் எர்த்து என்றால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்குவது. கோடையில் கரிசல் வெடித்து விலகினால் கம்பியைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் விட்டு மண்ணைச் சமாதானப்படுத்துவோம். எஞ்சினின் எர்த்து அந்த எர்த்து அல்ல. அதில் மண்ணுக்கு வேலையே இல்லை. எஞ்சினின் உலோக உடம்பு பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருந்தால் போதும். பெயர் மட்டும் மண்ணை விட்டுக் கடலுக்குப் போயிருக்கிறது.

கருப்பு வயரின் முனையைக் கழற்றியபோது போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. ஆன்மாவைப் பிடித்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொன்ன உவமை செம்பில் ஏறும் களிம்புதான். அவர்கள் மல்டிமீட்டர் இல்லாமலே கண்டுபிடித்தார்கள். கரையில் எர்த்து பிடிக்க நாம் உப்பைக் கொட்டுகிறோம். கடலில் அதே உப்பு எர்த்தைத் தின்றிருக்கிறது. திணைக்குத் திணை உப்பின் குணமும் மாறும் என்பது உரிப்பொருள் பட்டியலில் சேர்க்கத் தக்கது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் மாட்டி, கிரீஸ் தடவி முறுக்கியானதும் எஞ்சின் டிரம்முக்குள் நின்று சீராக முனகியது. பக்கவாட்டுத் துளை வழியே, சிறுபிள்ளை ஒன்றுக்கிருப்பதைப் போலத் தண்ணீர் பீய்ச்சியது. எங்கும் போகாமல், எதையும் இழுக்காமல் அது ஓடுவதை இருபது நிமிஷம் ஊரே சும்மா நின்று பார்த்தது. அத்தை மட்டும் பீய்ச்சிய தண்ணீருக்குக் கீழே ஒரு சட்டியை வைத்தாள்.

ஒரு விண்ணப்பம். திரும்பிப் போகும்போது எஞ்சின் உருளாமல் இருக்க அந்த டிரம்மையும் முட்டுக்கொடுத்து ஏற்றிவிட்டார்கள். நீல நிறம், விளிம்பில் ஒரு கீறல். கருப்பட்டி வந்து சேர்ந்தது, டிரம் வரவில்லை. வேம்பார்ப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் பட்டால் புதூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். லக்கேஜ் கட்டணத்தை ஆய்வாளர் கொடுப்பார்.