வெறும் பாத்திரம் திரும்பாமை: கடாரத்து அண்டைவீட்டு தர்மம் குறித்து ஒரு விசாரணை

நட்சத்திரங்களின் வயதைக் கணித்தவர்களும், எறும்புகளின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நூல் இயற்றிப் பட்டம் பெற்றவர்களும் மலிந்துவிட்ட இக்காலத்தில், கெடா மாநிலத்தில், கோலா கெடாவின் மீன்பிடித் துறை தொடங்கிக் கூலிமின் தாமான் என்னும் குடியிருப்பு வரிசைகள் வரையில், நாள்தோறும் வேலிக்கு மேலாகவும் இரும்புக் கதவின் இடுக்கு வழியாகவும் கைமாறிக்கொண்டிருக்கிற பலகாரப் பாத்திரத்தைப் பற்றி, அது எந்த நியதிக்கு உட்பட்டுப் போகிறது, எந்த நியதிக்கு உட்பட்டுத் திரும்பி வருகிறது என்று விசாரித்து ஒருவரும் ஒரு கிரந்தம் எழுதக் காணோம். பண்டிதர்களின் வீடுகளிலும் இப்பாத்திரங்கள் வந்துபோகவே செய்கின்றன. ஆயினும் அவற்றைப் பெறுகிறவர்களும் திருப்பி அனுப்புகிறவர்களும் அவர்களுடைய மனைவிமார்களே ஆதலால், விஷயம் பண்டிதர்களின் கவனத்துக்கு எட்டாமல் போயிற்று என்று ஊகிக்க இடமிருக்கிறது.

இந்த தர்மத்தின் மூலசூத்திரம் ஒன்றே. அயல் வீட்டிலிருந்து பண்டத்தோடு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பலாகாது. இதை இயற்றியவர் யார் என்று கேட்டால், தமிழ்ப் பெண்கள் தங்கள் பாட்டிமாரைச் சுட்டுகிறார்கள். மக்சிக் என்று நாம் அழைக்கும் மலாய் மாமி, தோக் என்னும் தம்முடைய பாட்டி சொல்லிக் கேட்டதாகச் சொல்கிறார். சீன அம்மாவோ, இதிலே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் நம்மை ஒருவிதமாகப் பார்க்கிறார். மூன்று சமூகத்தாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களா, தனித்தனியே கண்டடைந்தார்களா என்பது தீராத வழக்கு. ஆனால் போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. இருந்தும் இச்சட்டத்தை மீறத் துணிகிறவர் இல்லை. இவையனைத்தையும் உடையதான, சாலையோரத்தில் காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரை நிறுத்தலாகாது என்னும் சட்டத்தின் கதியைச் சுங்கைப் பட்டாணியில் எந்தத் தெருவிலும் கண்ணாரக் காணலாம்.

இனிச் சரித்திரப் பிரமாணங்கள். கடாரம் என்று நம் முன்னோர் சொன்ன தேசமே இன்றைய கெடா என்பது அறிஞர் பெரும்பாலோர் ஒப்பிய முடிபு. அக்கடாரத்து அரசர் ஸ்ரீ மாற விஜயோத்துங்கவர்மர், தம் தந்தையாகிய சூளாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தார். முதலாம் இராஜராஜ சோழர் அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே 1006ஆம் ஆண்டு வாக்கில் இறையிலியாக அளித்தார். அங்கிருந்து விகாரம் வந்தது, இங்கிருந்து ஊர் போயிற்று. நமது சூத்திரத்துக்கு இதைக் காட்டிலும் சுத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது. ஆனால் இராஜராஜரின் குமாரர் இராஜேந்திரர், 1025ஆம் ஆண்டிலே, பாத்திரத்துக்குப் பதிலாகக் கப்பற்படையை அனுப்பி, கடாரத்து அரசரைப் பிடித்ததோடு, அவருடைய யானைகளையும் பெருநிதியையும் வித்தியாதர தோரணத்தையும் வாரிக்கொண்டுவிட்டார் என்று அவருடைய மெய்க்கீர்த்தியே பெருமிதத்தோடு கூறுகிறது. வீரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தமிழரின் பெருமை என்பார்கள். அண்டைவீட்டு தர்மத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பதிவாகியுள்ள மீறல்களுள் மிகப் பெரியது என்று சொல்லுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல வேளையாக, 1090ஆம் ஆண்டில் கடாரத்துத் தூதர்கள் வந்து வேண்டிக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கர் அதே விகாரத்துக்குரிய வரிநீக்கங்களைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தார். வேலிக்கு மேலாகப் பாத்திரம் மறுபடியும் போகத் தொடங்கிற்று. சண்டையிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் சமாதானமாவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் பிடிப்பது தாமான்களில் இன்றைக்கும் அசாதாரணமன்று.

பூஜாங் பள்ளத்தாக்கில் பெங்காலான் பூஜாங் என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, சீன தேசத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. 1980இல் மெர்போக்கில் திறக்கப்பட்ட தொல்பொருட்சாலையில் அத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இவை கடல் வாணிபத்தின் சின்னங்கள் என்பது பொதுவான கொள்கை. என் கொள்கை வேறு. இவை திருப்பிக் கொடுக்கப்படாத பாத்திரங்கள். பிறர் வீட்டுக் கிண்ணம் ஒன்று கைதவறி உடைந்துபோனால் அதை ஒருவரும் அறியாமல் கொல்லைப்புறத்தில் புதைப்பதே குடும்ப ஸ்திரீகளின் சம்பிரதாயம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கருத்தில் கொள்ளவில்லை என்று அஞ்சுகிறேன்.

கெடா அரசர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் மரங்கள் செய்து சயாம் அரசருக்கு அனுப்பி வந்ததையும், புங்கா மாஸ் எனப்பட்ட அம்மரங்களுக்குப் பதிலாக அங்கிருந்தும் பரிசுகள் வந்ததையும், 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாம் தன் உரிமையை ஆங்கிலேயருக்குக் கைமாற்றியபோது அவ்வழக்கம் நின்றதையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம். ஆங்கிலேயர் இந்த தேசத்திலிருந்து ரப்பரும் வெள்ளீயமும் எடுத்துக்கொண்டு எதை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்னும் கேள்வி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ரப்பர்த் தோட்டங்களில் இச்சாஸ்திரம் ஒருவகை இளமைப் பருவத்தில் இருந்தது. ராஜுலாக் கப்பலில் நாகப்பட்டினத்தை விட்டு வந்தவர்கள், பினாங்கில் இறங்கிப் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறியபோது, அவர்களுடைய அண்டை வீட்டாரும் தமிழர்களாகவே இருந்தார்கள். விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால்மரம் வெட்டித் திரும்பி வந்த பெண், அடுத்த வீட்டுக்கு மங்கு என்னும் கிண்ணத்தில் அனுப்பியது கருவாட்டுக் குழம்பு. இரண்டு நாள் கழித்து அந்த மங்கில் திரும்பி வந்ததும் கருவாட்டுக் குழம்பே. அன்பு இருந்தது, அதிசயம் இல்லை. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, ஜனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, வலப்புறத்தில் மலாய்க்காரரும் இடப்புறத்தில் சீனரும் வாய்த்தார்கள். அன்றுதான் இந்த சாஸ்திரம் பிராயம் அடைந்தது. அண்டை அயலார் ஒன்றுகூடிச் செயல்படவேண்டும் என்று அரசாங்கத்தார் 1975ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டையர் அமைப்பை ஏற்படுத்தி, அதற்குத் தலைவரும் செயலாளரும் வைத்தார்கள். பாத்திரத்துக்குத் தலைவரும் இல்லை, ஆண்டறிக்கையும் இல்லை.

கைமாற்றும் சடங்கு சகல சமூகத்தாருக்கும் பொதுவானது. கொடுக்கிறவள் தன் பண்டத்தை இகழ்ந்து பேசவேண்டும். பெறுகிறவள் கொடுத்தவளைக் கடிந்துகொள்ளவேண்டும். "காக், நீ சிகிட் ஜா" என்று, கொஞ்சந்தான் என்னும் பொருளில், நான்கு பேர் உண்ணத் தக்க முறுக்கை நீட்டுகிறாள் தமிழ்ப் பெண். "அவாட் சூசா-சூசா நீ, அக்கா!" என்று, எதற்கு இந்தச் சிரமமெல்லாம் என்னும் பொருளில், இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார் மலாய்ப் பெண். ஒருத்தி சொல்வதை மற்றொருத்தி நம்புவதில்லை. நம்பும்படி எதிர்பார்க்கப்படுவதும் இல்லை.

திரும்பும் காலமோ மிக நுட்பமானது. அன்று மாலையே திருப்பினால், உன் கடன் எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் ஆகும். இரண்டு மாதம் கடந்தால் மறதி என்று கொள்ளப்படும். ஒரு தீபாவளியைத் தாண்டிவிட்டால் அனுபோக பாத்தியதை ஏற்பட்டு, பாத்திரம் அந்த வீட்டுச் சொத்தாகவே ஆகிவிடும் என்பது சிலரது மதம். இதைத் தடுக்கும் பொருட்டே எவர்சில்வர்ப் பாத்திரங்களின் அடியிலே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டும் வழக்கம் தோன்றிற்று. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெண்ணின் பெயர், கல்யாணத் தேதி என்று ஆனைமங்கலச் செப்பேட்டுக்குக் குறையாத திட்டத்தோடு அமைந்த இச்சாசனங்களை ஒருவரும் படியெடுத்துப் பதிப்பிக்காதது வருந்தத்தக்கது. பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நகப்பூச்சால் இடப்படும் சிவப்புப் புள்ளி இதன் அபப்பிரம்சம்.

எதை வைத்துத் திருப்புவது என்பதில் ஆசாரபேதங்கள் குறுக்கிடுகின்றன. நம் அடுப்பில் சமைத்ததை மலாய் வீட்டார் ஏற்பார்களா என்ற ஐயம் தோன்றினால், சமைக்காத பண்டமே உத்தமம்: பழம், முட்டை, தேங்காய், முருங்கைக் கீரை. ஆயத்தமில்லாதபோது ஒரு கைப்பிடி சீனி போதும். அது இச்சாஸ்திரத்தின் ஆபத்தர்மம். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் உடையவள் குபேரனுக்குச் சமம். வடபகுதி மலாய்க்காரரின் குலாய்க் குழம்பிலும் அந்த இலை விழுகிறது. எந்த மதத்துக்கும் அது விரோதமன்று. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிறது.

இப்போது பிரதான விஷயத்துக்கு வருவோம். கோலா கெடாவின் லக்சா பிரசித்தமானது. மீனை வேகவைத்து மசித்து, அசாம் என்னும் உலர்ந்த புளித்துண்டுகளும் கெசும் இலையும் சேர்த்துக் கொதிக்கவைத்த அக்குழம்பை, அரிசிமாவால் செய்த இழைகளின்மேல் ஊற்றித் தருகிறார்கள். பார்வைக்கு இடியாப்பத்தின்மேல் மீன்குழம்பைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். பிறந்தது முதல் துறைமுகத்துக்கு அருகிலேயே வாழ்ந்தும், அதன் வாசனை வந்த திசையில் முகம் திருப்பாத தமிழ்ப் பாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கடையில் வாங்கித் தின்னும்படி பேரன் எத்தனை வேண்டினாலும் அவள் இசையமாட்டாள். ஆனால் அடுத்த வீட்டு மக்சிக் அதையே ஒரு சட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது. திருப்பும்போது "செடாப்" என்று ஒரு வார்த்தை சொல்லாமலும் வரக் கூடாது. சுவைக்காத ஒன்றைச் சுவையாக இருந்தது என்று சொல்லவோ, நெற்றியில் திருநீறு இட்ட ஒரு மனுஷிக்கு மனச்சாட்சி இடங்கொடாது. ஆகவே பாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, விரல் நுனியால் தொட்டு நாவில் வைக்கிறாள். பிறகு கரண்டியால் எடுக்கிறாள். இவ்விடத்தில் நிகழ்வதை நாகரிகங்களின் சந்திப்பு என்று பெரிய வார்த்தைகளால் வருணிப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டி அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உறைப்பு இருக்கலாம் என்று நினைக்கிறாள்.

புதியதை ஏற்கும் மனப்பான்மையை உபதேசத்தால் உண்டாக்க முடியாது. மரியாதையினாலே உண்டாக்கலாம் என்பதே என் சித்தாந்தம். ஆவலால் சுவைக்கிறவர்கள் சிலர். அயலார் மனம் நோகக் கூடாதே என்று சுவைக்கிறவர்களே பெரும்பாலோர். ஆற்றுமீனை உப்பும் வறுத்த அரிசியும் இட்டுப் புளிக்கவைக்கிற பெக்காசாமை நம்மவர் அறிந்ததும், புளியோதரையை மக்சிக் வீட்டுப் பிள்ளைகள் தேடத் தொடங்கியதும் இவ்வாறே. சில வேளைகளில் ஏமாற்றமும் உண்டு. அரிய பலகாரம் என்று நாம் அனுப்பிய அச்சு முறுக்கைக் கண்டு, இது எங்கள் கூய் ரோஸ் அல்லவா என்று அவர்களும், அவர்கள் அனுப்பிய பெனேராமைக் கண்டு இது அதிரசந்தானே என்று நாமும் திகைத்து நிற்பதுண்டு.

வெள்ளிக்கிழமைச் சிக்கலைச் சொல்லாமல் விடலாகாது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஓய்வான நாளாதலால் மலாய் அடுப்புகள் வெள்ளியன்றே மும்முரமாக எரிகின்றன. துறையிலிருந்து வந்த கானாங்கெளுத்தி குழம்பாகி, சூடாக நம் வாசலுக்கு வருகிறது. நமக்கோ வெள்ளிக்கிழமை மரக்கறி. வேண்டாம் என்பது அபசாரம், உண்பது விரதபங்கம். இதற்குப் பூர்வகாலத்துச் சாஸ்திரங்கள் எதிலும் பரிகாரம் இல்லை, குளிர்ப்பெட்டியே பரிகாரம். சனிக்கிழமை அந்த மீன்குழம்பு முந்தின நாளைக் காட்டிலும் ருசியாக இருக்கிறது என்பது அனுபவசாலிகள் வாக்கு.

இனிப் பூர்வபக்ஷம். இதிலே கருணை எங்கே இருக்கிறது, கொடுத்து வாங்குவது பண்டமாற்றே அல்லவா என்று பொருளாதார நிபுணர் ஒருவர் ஆட்சேபிக்கலாம். பண்டமாற்றில் கணக்கு ஒருநாள் தீரும். தீர்ந்ததும் இருவரும் அவரவர் வழியே போய்விடலாம். இங்கேயோ, சீனியோடு திரும்பிய பாத்திரம் மறுவாரம் பாயசத்தோடு வருகிறது. பாயசத்துக்குப் பதில் மூங்கிலில் சுட்ட லெமாங் சோறு போகிறது. எவர் எவருக்குக் கடன்பட்டவர் என்பது மூன்றாம் சுற்றிலேயே குழம்பிப்போய், அக்குழப்பத்தை நீடிக்கச் செய்வதற்கே இரு தரப்பாரும் பாடுபடுகிறார்கள். இப்படி ஒரு வாணிபத்தை எந்த வங்கியும் ஆதரிக்காது. நிபுணரின் வீட்டுக்கு இதுவரை ஒருவரும் பலகாரம் அனுப்பியதில்லை போலும்.

ஆனால் இந்த சாஸ்திரத்துக்கு இக்காலத்தில் ஒரு விரோதி தோன்றியிருக்கிறது. அது பகைமை அன்று, துவேஷம் அன்று. கடையில் கட்டுக்கட்டாக விற்கிற, ஒருமுறை உபயோகித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் டப்பா. "டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம், வீசிவிடுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் உபகாரம் செய்வதாகவே நம்புகிறார்கள். பண்டம் வந்து சேர்கிறது என்பது மெய்யே. ஆனால் திருப்ப வேண்டிய பாத்திரம் இல்லை. ஆகவே மறுபடி கதவைத் தட்டக் காரணம் இல்லை. செடாப் என்று சொல்லும் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாதபோது, பிடிக்காத வாசனையுள்ளதைச் சுவைத்துப் பார்க்காமலே குப்பையில் இடலாம். பலகாரம் அனுப்புகிறவர்கள் மூடியுள்ள, நல்ல, திரும்பி வராவிட்டால் மனம் பதைக்கத்தக்க விலையுள்ள பாத்திரத்திலேயே அனுப்புதல் வேண்டும் என்று இவ்வாராய்ச்சி சிபாரிசு செய்கிறது.

வாசகர்கள் இதைப் படித்தவுடன் தங்கள் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசையில், மூடியின் நிறம் பொருந்தாததாய், அடியில் வேறொருவர் பெயர் வெட்டியதாய் ஒரு பாத்திரம் அங்கே நிச்சயமாக இருக்கும். அதை இந்த வாரமே சேர்ப்பித்துவிடுங்கள். வீட்டில் வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டு.