நூறு சதவீதம், எத்தனை பேருக்கு?

கே: எங்கள் ஊரைச் சுற்றி இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 100 சதவீதம், இன்னொன்றில் 91. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
(ஒரு அப்பா, தேனி)

ப: எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டீர்களா? 14 பேர் எழுதி 14 பேரும் பாஸானால் 100. அதில் ஒரு பையன் கணக்கில் கோட்டை விட்டாலே 93க்குச் சறுக்கிவிடும். 200 பேர் எழுதி 182 பேர் கரையேறினால் 91. அது யானையை மேட்டில் ஏற்றிய கதை. அப்படியே இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த 14 பேர் ஒன்பதாவதில் எத்தனை பேராக இருந்தார்கள்? எட்டாவது வரை நம் மாநிலத்தில் யாரையும் ஃபெயிலாக்க முடியாது. கத்தரி விழுவதென்றால் ஒன்பதில்தான் விழும். நடுவில் டி.சி. வாங்கிப் போனவர்கள் பேனரில் வரமாட்டார்கள்.

கே: ‘ஒன்றியத்தில் முதலிடம்’ என்று பேனர் வைத்திருக்கிறார்களே?

ப: ரேங்க் பட்டியலை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பேனர் கடைக்காரருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கே: உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி: எது ஒசத்தி?

ப: வித்தியாசம் உயரத்தில் இல்லை, நீளத்தில். உயர்நிலை பத்தாவதோடு முடியும். மேல்நிலை பிளஸ் டூ வரை போகும். மேல்நிலை என்றால் என்னென்ன குரூப் இருக்கிறது என்று பாருங்கள். குரூப் இருந்தால் போதாது, இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று ஜூனிலேயே கேளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் கேட்டால் அது துக்கம் விசாரிப்பதில் சேர்த்தி.

கே: அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றுதானே?
(ஒரு அம்மா, பழனி)

ப: ஆசிரியர் சம்பளத்தில் ஒன்று, மதியச் சோற்றில் ஒன்று. பெண்ணுக்கு டாக்டர் கனவு இருந்தால் வேறு வேறு. 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் ‘உதவி’ உபத்திரவம்.

கே: நல்ல பள்ளியை ஒரே பார்வையில் கண்டுபிடிக்க வழி உண்டா?

ப: பி.இ.டி. பீரியடில் போய் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்களா, கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிட்டாரா? வீட்டம்மாவும் வந்தால் மாணவிகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

கே: சிநேகிதன் சேரும் பள்ளிக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான் என் மகன். ஆறாவது போகிறான்.

ப: இலவச சைக்கிள் பதினொன்றாவதில்தான் தருவார்கள். அதுவரை பேசிக்கொண்டு நடக்க ஆள் வேண்டாமா? சேர்த்துவிடுங்கள்.