ஏழு மாதம் மதுரையில்

கேள்வி: கிரீன் கார்டு வாங்கி நாலு வருஷம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல், மதுரையில் ஏழு மாதம் இருந்துவிட்டு நியூஜெர்சி திரும்பினேன். அமெரிக்கக் குடியுரிமை கை நழுவிவிட்டதா?

பதில்: இல்லை, நிம்மதியாக இருங்கள். பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டதை எந்தச் சட்டமும் குற்றம் சொல்லாது. ஆனால் அமெரிக்கச் சட்டம் கறாரான கணக்குப்பிள்ளை. இரண்டு பேரேடு வைத்திருக்கிறது.

முதல் பேரேட்டில் மொத்த நாட்கள்: ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதில் நீங்கள் தேறிவிடுவீர்கள் என்றே தோன்றுகிறது.

சிக்கல் இரண்டாவதில். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால், வசிப்பின் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகவே அதிகாரி எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. நியூஜெர்சி வீட்டு வாடகை ஒப்பந்தம், விடாமல் வைத்திருந்த வேலை, கட்டிய வருமான வரி, அங்கேயே இருந்த கணவரும் பிள்ளைகளும்: இவைதான் உங்களுக்காகப் பேசும் சாட்சிகள். அம்மாவின் மருத்துவமனைக் காகிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

ஒரு வருஷமே தங்கியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. திரும்பி வந்து குறைந்தது நாலு வருஷம் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி கையில் இருந்தாலும் இதே கதிதான். அது கிரீன் கார்டைக் காக்கும், தொடர்ச்சியைக் காக்காது. இது தெரியாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த முறை அம்மாவைப் பார்க்க ஐந்தாவது மாதத்துக்குள் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள்.